லாக் எழுதும் பேனா யார் கையில்? (ஒரு சின்ன வரலாறு)



"ஆடித் தபசு பற்றி எழுதேன், பூ மார்க்கெட் பற்றி எழுதேன்" என்று கேட்டுக்கொண்டிருக்கும் வகுப்புத் தோழர்கள் இந்த ஒரு வாரம் பொறுத்தருள வேண்டும். இன்றைக்குக் கம்ப்யூட்டர் சமாச்சாரம். அதற்காக ஓடிவிட வேண்டாம். சங்கரன்கோவில் பூ மார்க்கெட்டும் தாலுகா ஆபீசும் நடுநடுவே வரத்தான் போகின்றன.

விஷயம் இதுதான். ஒரு சாஃப்ட்வேர் ஓடும்போது அதன் வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்று வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. அதனால் புரோகிராம் எழுதுகிறவர்கள் உள்ளேயே ஒரு கணக்குப்பிள்ளையை உட்கார வைக்கிறார்கள். "காலை 5.10: பில் போட்டேன்", "5.11: பிரிண்டர் பதில் சொல்லவில்லை" என்று அவர் வரி வரியாக எழுதிக்கொண்டே இருப்பார். அந்த எழுத்துக்குப் பெயர் லாக். எழுதும் கணக்குப்பிள்ளைக்குப் பெயர் லாகர்.

சின்ன புரோகிராமில் ஒரு லாகர் போதும். அது வளர வளர நூறு, ஆயிரம் என்று லாகர்கள் பெருகிவிடும். அப்போதுதான் பிரச்சினை. இத்தனை பேரை யார் நியமிப்பது? ஒரே வேலைக்கு இரண்டு பேர் வந்துவிடாமல் யார் பார்த்துக்கொள்வது? யாரை அதிகம் எழுதச் சொல்வது, யாரைச் சும்மா இருக்கச் சொல்வது? கேட்க அற்பமாகத் தெரியும் இந்தக் கேள்விகளுக்குப் பின்னால் ஒரு பெரிய வரலாறு இருக்கிறது. அதில் சண்டை உண்டு, சமாதானம் உண்டு, உலகத்தையே ஒரு வாரம் தூங்கவிடாமல் அடித்த ஒரு டிசம்பர் மாதமும் உண்டு.

மரக்கட்டையில் தொடங்கிய கதை

லாக் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு மரக்கட்டை என்று பொருள். பாய்மரக் கப்பல்களின் காலத்தில், கப்பலின் வேகத்தை அளக்க ஒரு கட்டையைக் கயிற்றில் கட்டிக் கடலில் போடுவார்கள். கயிற்றில் சம தூரத்தில் முடிச்சுகள் இருக்கும். மணல் கடிகாரம் ஒரு தடவை வடிந்து முடிவதற்குள் எத்தனை முடிச்சுகள் ஓடின என்று எண்ணினால் அதுதான் வேகம். இன்றைக்கும் கப்பல் வேகத்தை 'நாட்' என்று சொல்வது இந்த முடிச்சுகளால்தான். எண்ணியதைக் குறித்து வைத்த நோட்டுக்கு லாக் புக் என்று பெயர் வந்தது. பிறகு காற்று, மழை, போகும் திசை எல்லாம் அதே நோட்டில் ஏறின.

கம்ப்யூட்டர் உலகத்திலும் முதலில் நிஜமான காகித நோட்டுதான். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் மார்க் 2 இயந்திரத்தில் 1947 செப்டம்பர் 9 அன்று ஒரு ரிலேயில் அந்துப்பூச்சி சிக்கிக்கொண்டது. வேலை பார்த்தவர்கள் அந்தப் பூச்சியையே எடுத்து லாக் புக்கில் டேப் போட்டு ஒட்டிவிட்டார்கள். பிழைக்குப் 'பக்' என்ற பெயர் அன்றைக்குப் பிறந்தது என்று பலர் சொல்வதுண்டு. அந்தச் சொல் அதற்கு முன்பே இருந்தது. ஆனால் அந்த நோட்டு நிஜம். அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் பத்திரமாக இருக்கிறது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. ஒரு இயந்திரம், ஒரு நோட்டு. எந்த நோட்டில் எழுதுவது என்ற கேள்வியே எழவில்லை.

24 பெட்டிகள்

அந்தச் சுகம் ரொம்ப நாள் நீடிக்கவில்லை. யூனிக்ஸ் வந்த பிறகு ஒரே இயந்திரத்தில் ஏகப்பட்ட புரோகிராம்கள் ஒரே நேரத்தில் ஓட ஆரம்பித்தன. ஒவ்வொன்றும் தன் இஷ்டத்துக்கு ஒரு ஃபைலில் எழுதினால் எதை எங்கே தேடுவது?

1980களில் எரிக் ஆல்மன் இதற்கு ஒரு வழி கண்டார். கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் சென்ட்மெயில் என்ற மின்னஞ்சல் மென்பொருளை எழுதியவர் அவர். அந்த வேலையின் கிளையாகப் பிறந்ததுதான் சிஸ்லாக். எல்லாப் புரோகிராம்களும் ஒரே இடத்துக்குச் செய்தி அனுப்பும். செய்தியோடு இரண்டு குறிப்புகள் போகும். ஒன்று, யார் அனுப்பியது. இன்னொன்று, எவ்வளவு அவசரம். அவசரத்துக்கு 0 முதல் 7 வரை எட்டுப் படிகள். 0 என்றால் வீடு பற்றி எரிகிறது. 7 என்றால் சும்மா பேச்சு.

சிஸ்லாக் மிகவும் நன்றாக வேலை செய்தது. எவ்வளவு நன்றாக என்றால், ஒழுங்கான விதிமுறை ஆவணம் இல்லாமலேயே பல வருடங்கள் உலகம் முழுக்க ஓடியது. நடைமுறையில் இருந்ததைத் தொகுத்து ஆர்.எஃப்.சி. 3164 வந்தது 2001இல்தான். முறையான தரம் ஆர்.எஃப்.சி. 5424 ஆக 2009இல் வந்தது.

ஆனால் ஒரு குறை இருந்தது. "யார் அனுப்பியது" என்பதற்கு மொத்தம் 24 பெட்டிகள்தான். கெர்னலுக்கு ஒன்று, மெயிலுக்கு ஒன்று, பிரிண்டருக்கு ஒன்று என்று பெரும்பாலானவை ஏற்கெனவே பங்கு போட்டு முடிந்தவை. நாமாக உபயோகிக்க எட்டுப் பெட்டிகள் மிச்சம். ஒரு பெரிய வணிக மென்பொருளுக்குள்ளேயே நூற்றுக்கணக்கான பகுதிகள் இருக்கும்போது எட்டுப் பெட்டி எந்த மூலைக்கு?

பெயரில் ஒரு மரம்

இப்போது ஒரு கற்பனை செய்வோம். நம் பூ மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடைக்கு நீங்கள் சாஃப்ட்வேர் எழுதுகிறீர்கள். விடியற்காலையில் விவசாயி மல்லிகை கொண்டு வருகிறார். எடை போட வேண்டும், அன்றைய விலை ஏற்ற வேண்டும், கமிஷன் கழிக்க வேண்டும், பில் அடிக்க வேண்டும். முதல் மாதத்தில் எல்லாம் ஒரே ஃபைலில், ஒரே லாகர்.

அடுத்த வருடம் பத்துக் கடைகள் சேர்ந்துவிட்டன. எஸ்எம்எஸ், வங்கிக் கணக்கு, முன்பணம் எல்லாம் சேர்ந்தாயிற்று. முகூர்த்த நாளுக்கு முந்தின காலையில் ஒரு விவசாயி வந்து, "நான் போட்டது எட்டுக் கிலோ, பில்லில் ஆறு என்று இருக்கிறது" என்கிறார். நீங்கள் லாகைத் திறக்கிறீர்கள். லட்சம் வரிகள். எடை பற்றிய வரி எது, எஸ்எம்எஸ் பற்றிய வரி எது என்றே தெரியவில்லை. எடைப் பகுதியை மட்டும் இன்னும் விவரமாக எழுதச் சொல்லலாம் என்றால், ஒரே லாகர் என்பதால் மொத்தமும் கத்த ஆரம்பித்துவிடும்.

இந்த மாதிரித் தலைவலிக்கு மருந்தாக வந்ததுதான் லாக்4ஜே. ஐரோப்பிய ஒன்றியத்தின் செம்பர் என்ற மின்வணிகத் திட்டத்துக்காக 1996இல் எழுதப்பட்ட ஒரு சின்னக் கருவி பல தடவை திருத்தி எழுதப்பட்டு, ஜெகி குல்ஜூ என்பவரின் கைவண்ணத்தில் லாக்4ஜே ஆயிற்று. பிறகு அது அப்பாச்சி அமைப்பின் கீழ் வந்து, 2001 ஜனவரியில் 1.0 வெளியானது.

அதன் முக்கியமான யோசனை ரொம்ப எளிது. லாகருக்குப் புள்ளி வைத்த பெயர் கொடு. 'பூக்கடை', 'பூக்கடை.பில்', 'பூக்கடை.பில்.எடை'. பெயரைப் பார்த்தாலே யாருக்கு யார் பிள்ளை என்று தெரிந்துவிடும். எல்லோருக்கும் மேலே 'ரூட்' என்று ஒரு மூத்தவர். ஒரு லாகருக்குத் தனியாக உத்தரவு எதுவும் இல்லையென்றால் அது தன் அப்பாவைக் கேட்கும். அவரிடமும் இல்லையென்றால் தாத்தாவை. இப்படியே மேலே ஏறி ரூட் வரை போகும்.

கிராமம், குறுவட்டம், வட்டம், மாவட்டம் என்று நம் வருவாய்த் துறை இருக்கிறதே, அதே அமைப்புதான். ஒரே ஒரு வித்தியாசம். இங்கே கலெக்டர் உத்தரவை வி.ஏ.ஓ. மாற்ற முடியாது. லாக்4ஜேயில் கலெக்டர் ஒன்று சொல்லி, வி.ஏ.ஓ. வேறொன்று சொன்னால், அந்தக் கிராமத்தில் வி.ஏ.ஓ. சொன்னதுதான் செல்லும் :-)

இதனால் என்ன லாபம்? புரோகிராமைத் தொடவே வேண்டாம். வெளியே உள்ள ஒரு செட்டிங் ஃபைலில் 'பூக்கடை.பில்.எடை' என்ற பெயருக்கு மட்டும் 'டீபக்' என்று போட்டால் போதும். எடைப் பகுதி மட்டும் விலாவாரியாகப் பேசும். மற்றவை வாயைத் திறக்காது.

ஒரு லாகரா, ஓராயிரம் லாகரா?

இங்கேதான் லாகர்களை நிர்வகிக்கும் கேள்வி சரியான இடத்துக்கு வந்தது. லாக்4ஜேயில் உங்களுக்கு வேண்டும்போது நீங்களே ஒரு லாகரைப் படைத்துக்கொள்ளக் கூடாது. பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும். உள்ளே ஒரு பெயர்ப் பட்டியல் இருக்கிறது. அந்தப் பெயரில் ஏற்கெனவே லாகர் இருந்தால் அதையே எடுத்துக் கொடுக்கும். இல்லையென்றால் புதிதாக ஒன்று செய்து, பட்டியலில் சேர்த்துவிட்டுக் கொடுக்கும். ஆக, எத்தனை பேர் எத்தனை இடத்திலிருந்து கேட்டாலும் ஒரு பெயருக்கு ஒரே லாகர்.

பிள்ளை முதலில் பிறந்து அப்பா பிறகு வந்தால்? 'பூக்கடை.பில்.எடை' கேட்கப்பட்டுவிட்டது, 'பூக்கடை.பில்' இன்னும் கேட்கப்படவில்லை என்று வைத்துக்கொள்வோம். லாக்4ஜே அந்த இடத்தில் ஒரு காலி நாற்காலியைப் போட்டு வைக்கும். பிற்பாடு அப்பா வந்ததும் நாற்காலியில் உட்கார வைத்து, பிள்ளைகளை அவரோடு சேர்த்துவிடும். யார் எந்த வரிசையில் வந்தாலும் மரம் சரியாகவே இருக்கும்.

பைத்தானும் இதே வழியைப் பிடித்தது. வினய் சாஜிப், ட்ரென்ட் மிக் இருவரும் 2002இல் எழுதிய பெப் 282 என்ற முன்மொழிவின்படி, 2003இல் வந்த பைத்தான் 2.3இல் லாகிங் பகுதி சேர்ந்தது. அதிலும் லாகரை நேரடியாகப் படைக்காதே, பெயர் சொல்லிக் கேள் என்பதுதான் சட்டம்.

இந்தச் சட்டத்தில் ஒரு பள்ளமும் இருக்கிறது. பைத்தானில் ஒரு முறை பட்டியலில் ஏறிய லாகர், புரோகிராம் முடியும் வரை இறங்காது. இது தெரியாமல் ஆர்வக்கோளாறில் ஒவ்வொரு விவசாயிக்கும் ஒரு லாகர், ஒவ்வொரு பில்லுக்கும் ஒரு லாகர் என்று பெயர் வைத்தால் என்ன ஆகும்? ஆயிரம் பில்லுக்கு ஆயிரம் லாகர் மெமரியில் உட்கார்ந்துகொள்ளும். ஒரு மாதம் கழித்து மெஷின் மூச்சுத் திணறும்.

ஆக லாகரின் பெயர் புரோகிராமின் அமைப்பைச் சொல்ல வேண்டும். ஆட்களைச் சொல்லக் கூடாது. புரோகிராமின் பகுதிகள் எண்ணிக்கைக்கு உட்பட்டவை. விவசாயிகளும் பில்களும் அப்படியில்லை. இன்ன விவசாயி என்று தெரிய வேண்டுமானால் லாகரைப் பெருக்காமல், எழுதும் ஒவ்வொரு வரியோடும் அவர் எண்ணை ஒட்டிவிட வேண்டும். லாக்4ஜேயில் இதற்கு எம்.டி.சி. என்றே ஒரு வசதி உண்டு. வேலை தொடங்கும்போது எண்ணை அதில் ஒரு தடவை போட்டுவிட்டால், அந்த வேலை முடியும் வரை எழுதப்படும் எல்லா வரியிலும் அது தானாக வரும்.

இன்னொரு நீண்ட விவாதம்: லாகரைக் கிளாஸுக்குப் பொதுவாக ஒன்று வைப்பதா, ஒவ்வொரு ஆப்ஜெக்டுக்கும் தனியாகப் பிடித்துக்கொள்ளச் சொல்வதா? பொதுவாக வைத்தால் செலவு குறைவு. ஆனால் ஒரே லைப்ரரியை இரண்டு அப்ளிகேஷன்கள் பகிர்ந்துகொண்டால் இருவர் லாகும் ஒன்றோடொன்று கலந்துவிடலாம். குல்ஜூ பிற்பாடு உருவாக்கிய எஸ்எல்எஃப்4ஜேயின் கேள்வி-பதில் பக்கம் முதலில் தனித்தனியாகவே வைக்கச் சொன்னது. பிறகு, யோசித்துப் பார்த்ததில் எதையும் சிபாரிசு செய்வதற்கில்லை என்று மாற்றிக்கொண்டது.

ஊர் அங்கேயே, மாவட்டம் மாறியது

பெயரை நம்பி மரம் கட்டினால் ஒரு ஆபத்து வரும். அதை விளக்க நம் ஊரைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

2019 நவம்பர் 22 அன்று திருநெல்வேலியிலிருந்து பிரிந்து தென்காசி மாவட்டம் உதயமானது. சங்கரன்கோவில் வட்டம் அதில் சேர்ந்தது. கோயில் நகரவில்லை, பூ மார்க்கெட் நகரவில்லை, ஒரு தெரு விளக்குகூட நகரவில்லை. ஆனால் 'திருநெல்வேலி.சங்கரன்கோவில்' என்பது 'தென்காசி.சங்கரன்கோவில்' ஆகிவிட்டது. பழைய முகவரி போட்டு அச்சடித்த படிவங்கள், பெயர்ப் பலகைகள், ரப்பர் ஸ்டாம்புகள் எல்லாவற்றையும் மாற்ற வேண்டியதாயிற்று.

வளரும் சாஃப்ட்வேரிலும் இது அடிக்கடி நடக்கும். 'பூக்கடை.பில்' என்ற பகுதியைச் சீர்செய்து 'பூக்கடை.கணக்கு.பில்' என்று மாற்றுவார்கள். புரோகிராம் நன்றாகவே ஓடும். ஆனால் வெளியே செட்டிங் ஃபைலில் பழைய பெயர்தான் இருக்கும். அந்தப் பெயரில் இப்போது யாரும் இல்லை. மரத்தில் அதற்கு ஒரு இடம் இருக்கும், எழுதுகிறவர் இருக்க மாட்டார். பிழை என்று எந்தச் செய்தியும் வராது. நீங்கள் 'டீபக்' என்று போட்டுவிட்டுக் காத்திருப்பீர்கள், லாகில் ஒரு வரிகூட வராது. சத்தம் போடும் பிழையைப் பிடித்துவிடலாம். சத்தமில்லாத பிழைதான் ஆளைக் கொல்லும். அதனால்தான் சிலர் லாகர் பெயரைப் போல்டர் அமைப்பிலிருந்து எடுக்காமல், 'எடை', 'கமிஷன்', 'பட்டுவாடா' என்று தொழிலிலிருந்தே எடுத்து வைக்கிறார்கள். போல்டர் மாறினாலும் எடை எடைதானே.

சண்டையும் சமாதானமும்

2002 பிப்ரவரியில் ஜே.டி.கே. 1.4 வந்தபோது ஜாவா தனக்கென்று சொந்தமாக ஒரு லாகிங் வசதியைக் கொண்டுவந்தது. ஏற்கெனவே பலர் லாக்4ஜே உபயோகித்துக்கொண்டிருந்தார்கள். இதை வையுங்கள் என்று குல்ஜூ வெளிப்படையாக வாதாடிப் பார்த்தார். நடக்கவில்லை. அதே வருடம் வந்த லாக்4ஜே 1.2இல், அதுவரை 'கேட்டகரி' என்று அழைக்கப்பட்டவர் 'லாகர்' என்று பெயர் மாற்றிக்கொண்டார்.

இதன் விளைவு வேடிக்கையானது. உங்கள் புரோகிராமில் நான்கு லைப்ரரிகள் இருந்தால் ஒன்று லாக்4ஜேயில் எழுதும், இன்னொன்று ஜாவாவின் சொந்த லாகரில் எழுதும், மூன்றாவது காமன்ஸ் லாகிங்கில் எழுதும். ஒரே வீட்டில் நான்கு கணக்குப்பிள்ளைகள், நான்கு பூட்டு, நான்கு சாவி. காமன்ஸ் லாகிங் எந்த லாகர் இருக்கிறது என்று தானே தேடிக் கண்டுபிடிக்க முயன்றது. அந்தத் தேடலே சர்வர்களில் மெமரி கசிவு போன்ற புதிய தொல்லைகளைக் கொடுத்தது.

கடைசியில் குல்ஜூவே 2005 வாக்கில் எஸ்எல்எஃப்4ஜேயைத் தொடங்கினார். புரோகிராம் எழுதுகிறவர் பொதுவான ஒரு முகப்பிடம் மட்டும் பேசுவார். பின்னால் உண்மையில் யார் எழுதுகிறார்கள் என்பதை அப்ளிகேஷனை ஓட்டுகிறவர் முடிவு செய்வார். லைப்ரரி எழுதுகிறவருக்குப் பேனாவைத் தேர்ந்தெடுக்கும் உரிமை கிடையாது. இத்தனை வருடச் சண்டையில் கிடைத்த உருப்படியான முடிவு என்றால் என்னைப் பொறுத்தவரை இதுதான்.

எழுதக் கூடாததை எழுதினால்

லாகர்கள் பெருகினால் இன்னொரு கேள்வியும் பெருகும். அவர்கள் என்ன எழுதுகிறார்கள் என்று யாருக்காவது தெரியுமா?

2018 மே மாதம் ட்விட்டர் நிறுவனம் தன் 33 கோடி பயனாளர்களையும் கடவுச்சொல்லை மாற்றிக்கொள்ளும்படி கேட்டது. யாரும் திருடவில்லை. கடவுச்சொல்லை உருத்தெரியாமல் மாற்றும் வேலை முடிவதற்கு முன்பே, உள்ளே இருந்த ஒரு லாகில் அது அப்படியே எழுதப்பட்டிருந்தது. கிட்ஹப்பும் அதே சமயத்தில் இதே மாதிரி ஒன்றைக் கண்டுபிடித்துச் சிலருக்குத் தகவல் அனுப்பியது. 2019 மார்ச்சில் ஃபேஸ்புக்கும் கோடிக்கணக்கான கடவுச்சொற்களைத் தன் உள் அமைப்புகளில் படிக்கும் வடிவில் வைத்திருந்ததை ஒப்புக்கொண்டது.

பெரிய பெரிய நிறுவனங்களுக்கே இந்தக் கதி. நம் கமிஷன் கடை சாஃப்ட்வேர் விவசாயியின் ஆதார் எண்ணையும் வங்கிக் கணக்கையும் "சும்மா பார்ப்பதற்காக" லாகில் எழுதினால், அந்த ஃபைலைத் திறக்கும் எவருக்கும் அது கிடைத்துவிடும். பெட்டியைப் பூட்டிவிட்டுச் சாவி இருக்கும் இடத்தைக் கதவில் எழுதி ஒட்டுவது போலத்தான்.

பேனாவே கதவாகிப்போன டிசம்பர்

இப்போது அந்த டிசம்பர் மாதத்துக்கு வருவோம்.

லாக்4ஜேயின் முதல் தலைமுறைக்கு 2015 ஆகஸ்டில் ஓய்வு அறிவித்தார்கள். அதற்கு முன்பே, 2014இல், முழுக்கப் புதிதாக எழுதப்பட்ட லாக்4ஜே 2 வந்துவிட்டது. அதில் ஒரு கூடுதல் வசதி. எழுதப்படும் வரிக்குள் ஒரு தனிவகைக் குறியீடு இருந்தால், லாகர் அதை அப்படியே எழுதாமல், அது சொல்லும் தகவலைத் தேடி எடுத்து அந்த இடத்தில் போடும். ஜே.என்.டி.ஐ. என்ற வழியாக வேறொரு சர்வரிலிருந்துகூட எடுத்து வரும். 2013இல் சேர்க்கப்பட்ட இந்த வசதி எட்டு வருடம் யார் கண்ணையும் உறுத்தவில்லை.

2021 நவம்பர் 24 அன்று அலிபாபா கிளவுட் பாதுகாப்புக் குழுவைச் சேர்ந்த சென் சாவோஜுன் அப்பாச்சிக்கு ஒரு தகவல் அனுப்பினார். வெளியிலிருந்து வரும் ஒருவர் தன் பெயரென்றோ தேடுசொல்லென்றோ அந்தக் குறியீட்டைத் தட்டினால் போதும். சாஃப்ட்வேர் வழக்கம்போல் அதை லாகில் எழுதப் போகும். லாகர் அதைப் படித்து, தாக்குகிறவரின் சர்வருக்குப் போய், அங்கிருக்கும் புரோகிராமைக் கொண்டுவந்து இயக்கிவிடும். டிசம்பர் 9 அன்று விஷயம் உலகத்துக்குத் தெரிந்தது. மைன்கிராஃப்ட் விளையாட்டின் சாட் பெட்டியில் ஒரு வரி தட்டியே சர்வரைக் கைப்பற்ற முடிந்தது. ஆபத்தை அளக்கும் அளவுகோலில் பத்துக்குப் பத்து. லாக்4ஷெல் என்று பெயர் வைத்தார்கள்.

சரிசெய்த 2.15 பதிப்பு வந்தது. அது போதாமல் 2.16, பிறகு 2.17, பிறகு 2.17.1 என்று அந்த மாதம் முழுக்க ஓட்டம். இதைச் செய்தவர்களில் பெரும்பாலோர் வேறு வேலை பார்த்துக்கொண்டு, ஓய்வு நேரத்தில் சம்பளமில்லாமல் லாக்4ஜேயைப் பராமரித்தவர்கள். உலகத்தின் பெரிய கம்பெனிகள் எல்லாம் அவர்கள் எழுதியதை இலவசமாக உபயோகித்துவிட்டு, அந்த வாரம் மட்டும் அவர்களைத் தேடின.

அதைவிட வேதனை, பல கம்பெனிகளுக்குத் தங்களிடம் லாக்4ஜே இருப்பதே தெரியவில்லை. அவர்கள் வாங்கிய சாஃப்ட்வேருக்குள் ஒரு லைப்ரரி, அதற்குள் இன்னொரு லைப்ரரி, அதற்குள் லாக்4ஜே. பெட்டிக்குள் பெட்டி. ஒரு அப்ளிகேஷனுக்குள் எத்தனை லாகர் என்று கேட்டுக்கொண்டிருந்த கேள்வி, உலகத்துக்குள் எத்தனை லாகர் என்று விசுவரூபம் எடுத்தது. அமெரிக்க அரசின் ஆய்வுக் குழு 2022 ஜூலையில் தந்த அறிக்கை, இந்த ஓட்டை பத்து வருடமோ அதற்கு மேலோ அங்கங்கே ஒளிந்து கிடக்கும் என்றது.

பேனா இனி எங்கே?

அப்ளிகேஷன் ஒரே மெஷினில் இருந்த காலம் போய், ஐம்பது சர்வர்களில் துண்டு துண்டாக ஓடும் காலம் வந்துவிட்டது. 2011இல் ஹெரோகு நிறுவனத்தார் எழுதிய பன்னிரண்டு விதிகளில் ஒன்று, அப்ளிகேஷன் தன் லாகை எந்த ஃபைலில் வைப்பது என்று கவலைப்படவே கூடாது என்கிறது. வாய்விட்டுச் சொன்னால் போதும்; கேட்டுச் சேர்த்து வைப்பது வெளியே உள்ளவர் வேலை.

சேர்த்து வைப்பதுகூடச் சுலபம், கோப்பதுதான் கஷ்டம். டீக்கடையில் யுபிஐயில் பத்து ரூபாய் அனுப்புகிறீர்கள். உங்கள் ஆப், உங்கள் வங்கி, என்.பி.சி.ஐ., கடைக்காரர் வங்கி, கடைக்காரர் ஆப் என்று அது போகிறது. ஒவ்வொருவரும் தனித்தனி லாக் எழுதுகிறார்கள். பணம் நடுவில் நின்றுவிட்டால் அத்தனை லாகையும் கோத்துப் பார்க்க உதவும் நூல், உங்கள் திரையில் வரும் அந்த 12 இலக்க எண்தான். கூகுள் 2010இல் வெளியிட்ட டாப்பர் என்ற கட்டுரையும், 2019இல் தொடங்கிய ஓப்பன்டெலிமெட்ரி திட்டமும் இந்த நூலைத்தான் எல்லா மென்பொருளுக்கும் பொதுவாகக் கொண்டுவரப் பார்க்கின்றன.

இந்தியாவில் இது சட்டத்துக்குள்ளும் வந்துவிட்டது. 2022 ஏப்ரல் 28 அன்று செர்ட்-இன் அமைப்பு பிறப்பித்த உத்தரவுப்படி நிறுவனங்கள் தங்கள் லாகுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். பாதுகாப்புச் சம்பவம் நடந்தால் தெரியவந்த ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். இந்த லாகுகளைச் சேகரித்து அலசுவதே தனித் தொழிலாகிவிட்டது. தென்காசி பக்கத்து மத்தளம்பாறையில் 2011 முதல் அலுவலகம் நடத்தும் ஸோஹோவின் மேனேஜ்எஞ்சின் பிரிவும் ஈவன்ட்லாக் அனலைசர் என்ற பெயரில் அப்படி ஒரு மென்பொருளை விற்கிறது.

இத்தனையையும் படித்த பிறகு எனக்குத் தோன்றுவது இது. ஒவ்வொரு தலைமுறையும் லாகர் என்பதை ஒரு சின்ன உதவியாளாகத்தான் நினைத்தது. அப்ளிகேஷன் வளர்ந்த பிறகுதான், அந்த உதவியாளுக்குப் பெயர் வேண்டும், பெயர்களுக்கு ஒரு மரம் வேண்டும், பேனாவை வெளியிலிருந்து கட்டுப்படுத்த வழி வேண்டும் என்று ஒவ்வொன்றாகத் தெரிந்தது. 2021இல் தெரிந்தது கடைசிப் பாடம்: எழுதுகிறவர் எழுதினால் போதும், அதற்கு மேல் கெட்டிக்காரத்தனம் வேண்டாம்.

எட்டுக் கிலோ போட்ட விவசாயிக்கு லாக்4ஜேயும் தெரியாது, ஓப்பன்டெலிமெட்ரியும் தெரியாது. அவருக்கு வேண்டியது இரண்டு கிலோவுக்கான காசு. அது அவருக்குக் கிடைப்பதும் கிடைக்காமல் போவதும், என்றைக்கோ ஒருவர் அந்த லாகருக்கு என்ன பெயர் வைத்தார், அதை என்ன எழுதச் சொன்னார் என்பதில் இருக்கிறது. நாளைக்கு நாமும் வேலைக்குப் போய் இந்த மாதிரி சாஃப்ட்வேர் எழுதத்தான் போகிறோம். அப்போது இதை ஞாபகம் வைத்துக்கொள்வோம்.

உங்கள் புராஜெக்டில் லாகர்களுக்கு எப்படிப் பெயர் வைக்கிறீர்கள்? பின்னூட்டத்தில் சொல்லுங்கள். அடுத்த கட்டுரை ஆடித் தபசு பற்றித்தான், சத்தியம் :-)